மருத்துவக் குழுவுக்குப் போட்ட தீபாவளிச் சட்டை

என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு, வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கொடுக்கிற மாத உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம். அது கிடைக்கும்வரை வீட்டுக் கடனை நான் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் பேங்க் வீட்டை ஏலத்துக்கு விட்டுவிடும். யாரோ ஒருவன் வந்து என் சமையலறையை எட்டிப் பார்த்து விலை பேசுவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரை விற்றேன். வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு, எங்கள் பிளாட்டில் மாடி மாடியாக ஏறி விற்றேன். தவணைக்கு எடுத்து வைத்த பிறகுதான் அடுப்புக்குக் காசு. மீன் வாங்கிய வாரம் மின்சார பில் முறைத்தது. அதையும் முறைத்துப் பார்த்துவிட்டு மாவை இன்னும் ஒரு படி கூட்டி அரைத்தேன்.

காப்பாரிலிருந்து நாத்தனார் போன் பண்ணுவாள். "எப்படி அண்ணி சமாளிக்கிறீங்க?"

"நல்லாத்தான் இருக்கோம்லா" என்பேன். எங்கள் வீட்டில் யார் கேட்டாலும் அதுதான் பதில்.

ஒருவழியாக மருத்துவக் குழு அவரைப் பரிசோதிக்கக் கூப்பிட்டது. அதற்கு முதல் நாளே அவர் தலைக்கு டை அடிக்கச் சொன்னார். தீபாவளிச் சட்டையை எடுக்கச் சொன்னார். கைத்தடியை வேண்டாம் என்றார்.

"பெரிய டாக்டருங்க முன்னாடி பிச்சைக்காரன் மாதிரி போய் நிக்கச் சொல்றியா?"

அதுவும் சரிதான் என்று எனக்கும் பட்டது. கவர்மெண்ட் ஆபீசுக்கு நாங்கள் யாரும் கசங்கிப் போனதில்லை. குளிப்பாட்டி, சட்டையைத் தேய்த்துப் போட்டு, பொத்தான்களை மாட்டி, நெற்றியில் திருநீறும் பூசி மாப்பிள்ளை மாதிரி கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். தன்மையானவர். "அப்பா கபார், அங்கிள்?" என்று நலம் விசாரித்தார்.

"பாயேக், டாக்டர்." நன்றாக இருக்கிறாராம்.

தானாகக் குளிக்க முடியுமா? "போலே." மாடிப்படி ஏற முடியுமா? "போலே." எல்லாமே முடியுமாம். காலையில் அவரைக் குளிப்பாட்டிய ஈரம் என் சேலை ஓரத்தில் இன்னும் காயவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. "எல்லாம் முடியும்னு சொன்னீங்கல்ல, நாளைக்குப் போய் லோரி ஏறுங்க" என்று கத்தினேன். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாளே மேல்முறையீட்டுக்கு எழுதிப் போட்டேன். மாவோடு முறுக்கும் சுட ஆரம்பித்தேன். வீட்டை விடுவதாக இல்லை.

மாதங்கள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த முறை டையும் இல்லை, தீபாவளிச் சட்டையும் இல்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தவர், அறை வாசலில் நின்றுவிட்டார்.

"நீ உள்ள வராத. நீ பக்கத்துல இருந்தா எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வராது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவர் டாக்டரிடம் பொய் சொல்லவில்லை, என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. குளிக்க? "தாக் போலே." சட்டை மாட்ட? "தாக் போலே." கரண்டி பிடிக்க? "தாக் போலே, டாக்டர்." முடியாது, முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

அந்தப் பதில்களால்தான் பிறகு பணம் வந்தது, வீடும் கைவிட்டுப் போகாமல் நின்றது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு உள்ளே ஓடிப்போய், "இவரால எல்லாம் முடியும் டாக்டர்" என்று சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. கைப்பையை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.