வாய் பார்த்து எழுதியவள்

கடல் கடந்து பிழைக்க வந்த தமிழர் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு தமிழ்ப் பள்ளி. 1927இல் அங்கே இரண்டாம் வகுப்பு ஆசிரியை மகதலேனா. வயது இருபத்திரண்டு. தான் படித்த மாதிரியேதான் சொல்லிக்கொடுத்தாள். வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி உரக்கச் சொல்வாள். பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் பிரம்படி.

அதிகம் அடி வாங்கியவள் எட்டு வயது நல்லம்மாள். தண்டவாள வேலை செய்யும் பக்கிரிசாமியின் மகள். எழுதச் சொன்னால் பக்கத்துச் சிலேட்டை எட்டிப் பார்ப்பாள். சுத்த மக்கு என்று மகதலேனா முடிவு கட்டிவிட்டாள்.

ஒரு நாள் மகதலேனாவுக்குத் தொண்டை கட்டிக் குரலே எழவில்லை. முன்னால் உட்கார்ந்து, எழுத வேண்டிய பத்துச் சொற்களுக்கும் உதட்டை மட்டும் அசைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நல்லம்மாள் மட்டும் பத்துச் சொற்களையும் எழுதியிருந்தாள்.

குரல் திரும்பியதும், மகதலேனா நல்லம்மாளின் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பெண் திரும்பவே இல்லை.

அன்று மகதலேனா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

அதன்பின் நல்லம்மாளை முதல் வரிசையில் உட்காரவைத்து, முகம் பார்த்தே பாடம் சொன்னாள். ஆறே மாதத்தில் அந்தப் பெண் முழுப் புத்தகத்தையும் படித்தாள்.

ஆண்டுப் பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர், வரிசைகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே சொற்களைச் சொன்னார்.

"ஐயா, இந்தப் பொண்ணுக்குக் காது கேக்காது. முன்னால நின்னு சொன்னா எழுதிடும்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் அம்மா," என்றார் அவர்.

நல்லம்மாளின் சிலேட்டு வெறுமையாக இருந்தது.

"ரெண்டாவது தடவயும் பெயிலு, டீச்சரம்மா," என்றார் பக்கிரிசாமி. "கிள்ளான் ரப்பர் தோட்டத்துல என் அக்கா இருக்கு. அங்க புல்லு வெட்டட்டும்."

அடுத்த ஞாயிறு மகதலேனா ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனாள். லயத்து வாசலில் நல்லம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகதலேனா எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"வந்துடு. நான் வீட்டுலயே வச்சுச் சொல்லித்தரேன். அடிச்சதுக்கு என்ன மன்னிச்சிடும்மா."

மகதலேனாவின் உதட்டில் முதல் சொல்லை மட்டும்தான் அந்தப் பெண் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். மகதலேனா எவ்வளவோ பேசினாள். அவள் நிமிரவே இல்லை.

சாயங்கால ரயிலில் மகதலேனா தனியாகத் திரும்பினாள்.