பிலோமினா டீச்சர் ஒட்டிக் கொடுத்த உறை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை விழுப்புரத்தில் என் வீட்டில் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். திண்டிவனத்திலிருந்து பிலோமினா டீச்சரின் மகள் அழைத்தார். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றார். மாரடைப்பு. திரையில் டீச்சரும் நானும் பார்க்க எடுத்துக்கொண்ட வானப் படத்தின் ஒரு துண்டு திறந்திருந்தது. அதை மூடக்கூடத் தோன்றாமல் கிளம்பினேன்.

டீச்சரிடம் இயற்பியல் படித்த உங்களுக்கு அவருடைய கண்டிப்பு தெரியும். இந்த வான வேலை தெரிந்திருக்காது. ரேடியோ தொலைநோக்கிகளால் வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து வரைபடமாக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் எது உண்மையான விண்மீன் மண்டலம், எது கருவியின் இரைச்சல் என்று குறிக்கத் தன்னார்வலர்களைக் கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரான என்னை டீச்சர்தான் அதில் இழுத்துவிட்டார். ஒரே துண்டை இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் அதுவே முடிவு. மாறுபட்டால் மூன்றாவது ஆள் பார்ப்பார்.

எப்போதும் டீச்சர்தான் முதலில் முடிப்பார். எழுதிய தாளை உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். நானும் முடித்த பிறகு விழுப்புரம் ஸ்டேஷனில் உட்கார்ந்து பிரிப்போம். "மல்லாட்டை வாங்குங்க சார், தின்னுக்கினே பார்க்கலாம்" என்று வேர்க்கடலைக்காரரைக் காட்டுவார்.

ஒருமுறை, அவசரக்காரனான நான் ஒட்டாத உறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு துண்டில் மங்கலாக இரண்டு தீற்றல்கள். நான் 'சந்தேகம்' என்று எழுதியிருந்தேன். அவர் தாளில் 'இரைச்சல்' என்று இருந்தது. இயற்பியல் டீச்சருக்குத் தெரியாததா என்று என்னுடையதை அடித்து மாற்றினேன்.

சில மாதம் கழித்து அதே இடத்தின் தெளிவான படம் வந்தது. இரண்டு தீற்றல்களும் ஒரே விண்மீன் மண்டலம் இரு பக்கமும் பீய்ச்சியவை; இரைச்சல் இல்லை. டீச்சர் இடிந்துபோனார். "நீங்களும் அப்படியே எழுதினதால தைரியமா இருந்தேன் சார். இனிமே என் கண்ணையே நம்ப முடியாது. நான் நிறுத்திக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். அவர் விலகியிருப்பார். உறைக்குள் எட்டிப் பார்த்து மாற்றி எழுதியதை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு பேர் பார்த்துக்கினு இருக்கோம்னு நெனச்சேன். நான் ஒருத்திதான் பார்த்துக்கினு இருந்தேனா?" என்றார்.

"அந்த ஒரு துண்டு மட்டும்தான் டீச்சர்."

"அதை யார் நம்புறது? நம்ம துண்டு எல்லாத்தையும் மறுபடி பார்க்கச் சொல்லி அவங்களுக்கு எழுதுங்க. ஜல்தி."

எழுதினேன். கீழே தன் பெயரையும் போட்டுக்கொண்டார். என்னை விட்டு அவர் போகவில்லை. அதற்காக இன்றும் நன்றியோடிருக்கிறேன். அடுத்த வாரம் வந்த உறையில் நான்கு பக்கமும் கோந்து. "நீங்க பார்த்ததை எழுதுங்க சார்" என்று சிரித்தார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் மகள் ஓர் உறையைக் கையில் கொடுத்தார். உள்ளே டீச்சர் கடைசியாகப் பார்த்து முடித்த துண்டுகளின் தாள். வழக்கம்போல் கோந்து வழிய ஒட்டியிருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். செவ்வாய்க்கிழமை பாதியில் விட்ட துண்டை இன்று மறுபடி திறந்தேன். ஓரத்தில் மங்கலாக ஏதோ தெரிகிறது. டீச்சர் என்ன எழுதியிருப்பார் என்று கை அந்த உறைப் பக்கம் போனது. கையை இழுத்துக்கொண்டு, நான் பார்த்ததை எழுதினேன்: சந்தேகம்.

இன்னும் பதினொரு துண்டுகள் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் பிரிப்பேன்.