ஸ்கூட்டர் காட்சிக்குப் போட்ட இசை

பூந்தமல்லி பக்கம் கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசிப்பது என் தொழில். மேடையில் சத்தம் கொஞ்சம் நின்றாலும் கூட்டம் விசிலடிக்கும். பாடகர் வரியை மறந்தால் நான்தான் எதையாவது வாசித்து நிரப்புவேன். கை அப்படியே பழகிவிட்டது.

எங்கள் குழுவில் பாடிக்கொண்டிருந்த நண்பர் சொந்தமாக ஒரு சின்னப் படம் எடுத்தார். பின்னணி இசையை என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு காட்சி. ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார். வெறும் அறைகளைப் பார்க்கிறார், கதவைப் பூட்டுகிறார், ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்புகிறார். வசனம் கிடையாது. நான் தொடக்கத்திலிருந்தே வயலின், புல்லாங்குழல் என்று அடுக்கியிருந்தேன்.

நண்பர் பாரிவாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து அந்த இசையைக் கேட்டார்.

"இன்னா மாமே, ஆளு ஊட்ட காலி பண்றாரு. நீ எழவு ஊடு மாரி போட்டுகினு கீறே."

"சோகம் வேணாமா?"

"அதான் அவரு மூஞ்சில கீதே. நாளைக்கு இன்னொரு தபா கேக்கறேன். சரியா வரலன்னா இந்த சீனுக்கு வேற ஆள பாத்துக்கறேன், தப்பா நெனைக்காத."

நினைக்கவில்லை என்று தலையாட்டினேன். நினைத்தேன். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்த வேலையையே ஒப்புக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை இசையை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை ஓடவிட்டேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியும் பார்த்தாள்.

"பூட்டும்போதெல்லாம் அவரு நல்லாத்தான் கீறாரு. வண்டி ஸ்டார்ட் ஆவல பாருங்க, அங்கதான் மூஞ்சி மாறுது."

திரும்பப் பார்த்தேன். முதல் உதைக்கு வண்டி கிளம்பவில்லை. காலைக் கிக்கர் மேலேயே வைத்துக்கொண்டு அவர் சற்று நிற்கிறார். அதுவரை போட்டிருந்த எல்லாவற்றையும் அழித்தேன். அவர் நிற்கும் இடத்தில் கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு சுரம். வண்டிச் சத்தம் வந்ததும் அது அதற்குள் கரைந்துவிட வேண்டும். ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் வலது கை தானாக மேலே எதையோ கோத்தது. கடைசியில் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு வாசித்தேன். மனைவி சிரித்தாள்.

சாயங்காலம் நண்பர் வந்தார். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னார்.

"இது இருக்கட்டும்," என்றார். "ஆனா இத்த கேட்டப்புறம் மத்த சீனெல்லாம் ஒரே இரைச்சலா கீது. அல்லாத்தயும் திரும்பப் பண்ணிக் குடு மாமே."

இரைச்சல் என்று அவர் சொன்னது என் பல வார வேலையை. சரி என்றேன். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் படத்தின் முதல் காட்சியைத் திறந்து, எதை நீக்கலாம் என்று பார்க்கத் தொடங்கியிருந்தேன்.