கோழிக்கடைக்காரருக்குக் கோழி ஆகாது

ஏறாவூரில் கோழிக்கடை ஆதம்பாவாவின் கடை எது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கையைக் காட்டும். அவர் என் மாமனார். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் பெண் வீட்டில்தான் இருக்கிறேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பிறகு, "விஞ்ஞான மாஸ்டர் வீட்டில் இருந்துமா இப்படி நடந்தது?" என்று கேட்கக் கூடாது. வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு வாய் என்பது சாப்பிடுவதற்குத்தான்.

மாமாவுக்கு ஐம்பத்தைந்து வயது. உயிர்க்கோழியைக் காலில் பிடித்துத் தூக்கினால் எத்தனை கிலோ என்று தராசுக்கு முன்னால் சொல்லிவிடுவார். தன் எடையை மட்டும் அவர் பார்த்ததில்லை. இடுப்பில் சாரத்துக்கு மேல் கட்டும் பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டு, கடைசியில் ஓட்டை போட இடமில்லாமல் வேறு பெல்ட் வாங்கினார். பின்னேரமானால் பஸ் நிலையத்துக் கடையில் நாலு பராட்டா, ஒரு கொத்து ரொட்டி, அதற்கு மேல் ஒரு சோடா. இதையெல்லாம் அவர் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. மாமாவைப் பொறுத்தவரை சாப்பாடு என்பது பகல் நேர ளுஹர் தொழுகை முடிந்து வந்து வீட்டில் மாமியோடு சாப்பிடுவது மட்டும்தான்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியின் பெயர் றஸீனா. கல்யாணம் முடித்த மறுநாளிலிருந்து, முப்பது வருடமாக, இருவரும் பாயில் உட்கார்ந்து ஒரே பீங்கான் தட்டில்தான் சாப்பிட்டார்கள். மாமி மீனில் முள் எடுத்து மாமாவின் பக்கம் தள்ளுவார். மாமா கறிக்குள் ஈரலைத் தேடி மாமியின் பக்கம் தள்ளுவார். பெரிதாகப் பேச்சு எதுவும் இருக்காது. மாமி அதிகம் சிரிக்கிறவர் இல்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலம் அவர் முகம் தெளிந்து இருக்கும். அந்த நேரத்தில் நானும் என் மனைவி முப்லிஹாவும் அந்தப் பக்கம் போகமாட்டோம்.

இதற்குத்தான் கட்டாரிலிருந்து ஆபத்து வந்தது. அங்கே வேலை செய்யும் மாமாவின் மச்சான் ஜிப்ரி ஒரு வீடியோ அனுப்பினார். இரத்த வகைக்கு ஏற்றபடி சாப்பிட்டால் நோய் அண்டாது, வகை மாறிச் சாப்பிட்டால் சோறும் நஞ்சு என்று கோட் போட்ட ஒருவர் அதில் பதினேழு நிமிடம் பேசினார். மாமா அதை மூன்று தரம் பார்த்தார். மாமாவின் இரத்தம் பி. பி வகைக்குக் கூடாத சாப்பாடுகளில் முதலாவதாக நின்றது கோழி.

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே வீடியோவை அழித்திருப்பார்கள். மாமா நேர்மையான மனிதர். பட்டியலை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, காசு மேசைக்கு மேலே கோழிகளுக்கும் தெரியும்படி தொங்கவிட்டார். கோழி, இறால், நண்டு, தேங்காய், தக்காளி, பருப்பு, கோதுமை மா எல்லாம் கூடாது. ஆட்டிறைச்சியும் முட்டையும் பாலும் தாராளமாக எடுக்கலாம்.

செங்கலடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜெயரூபன் வழக்கம்போல் பத்துக் கோழி எடுக்க வந்தார்.

"தம்பி, ஒங்கட ரத்தம் என்ன?" என்று மாமா கேட்டார்.

"பி பொசிட்டிவ். ஏன் காக்கா?"

"அப்ப கோழி வாணாம். ஆகாது."

"நான் தின்னவா கேக்கிறன்? கடைக்கு வாற சனத்துக்கு."

"அந்தச் சனத்துக்கு என்ன ரத்தமெண்டு கேட்டீங்களா?"

ஜெயரூபன் எதிரே இருந்த இன்னொரு கோழிக்கடையில் போய்ப் பத்துக் கோழியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். மாமி ஏ வகை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிளினிக் கார்டில் எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கிறது. ஏ வகைக்குப் பருப்பும் மரக்கறியும் நல்லது, ஆட்டிறைச்சி ஆகாது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து குடிக்கலாம் என்று மிஞ்சியது தண்ணீர்தான். ஒருநாள் பகல் மாமா தனிப் பீங்கானோடு மேசையில் போய் உட்கார்ந்தார்.

"ஒரே பீங்கான்ல கை வெச்சா ரெண்டு வகையும் கலந்திரும் புள்ள. ஒனக்கும் கூடாது, எனக்கும் கூடாது."

 மாமி தன் சோற்றை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார். அன்று முதல் எட்டு மாதம் அப்படித்தான் போனது.

"உம்மாட முகத்தப் பாத்தீங்களா? நீங்கதானே மாஸ்டர், வாப்பாக்கிட்ட எடுத்துச் சொல்லுங்களன்," என்று முப்லிஹா என்னை நெருக்கினாள். எனக்கும் மனம் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து போனேன். நான் வாயெடுக்க முன் மாமா எழுந்து நின்று பெல்ட்டை இறுக்கிக் காட்டினார். மூன்று ஓட்டை உள்ளே போயிருந்தது. ஒன்பது கிலோ குறைந்துவிட்டாராம்.

குறையாதா? கோதுமை மா கூடாதென்று பராட்டாவும் கொத்தும் நின்றுபோயிருந்தன. அவற்றோடு சோடாவும் போய்விட்டது. பட்டியல் ஆட்டிறைச்சியைத் தின்னச் சொன்னது, அதன் விலை தின்னாதே என்றது. இப்படி இருந்தால் எந்த இரத்தமும் மெலியும். இதைத்தான் சொல்லத் தொடங்கினேன்.

"மருமகன், ஒங்களுக்கு என்ன ரத்தம்?" என்று மாமா இடைமறித்தார்.

"ஓ."

"ஓ எண்டா அவசரக்காரர். வீடியோவுலயே சொல்லியிரிக்கி."

நான் அவசரப்படாமல் எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் பள்ளிவாசலில் இரத்ததான முகாம் வைத்தார்கள். பி இரத்தம் தட்டுப்பாடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமா விடியவே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். நான் அவருக்குப் பின்னால். விரலில் குத்தி, கண்ணாடித் தட்டில் துளிகளை விட்டுப் பார்த்த பெண் "ஓ பொசிட்டிவ்" என்று எழுதினாள்.

"இல்ல மகள், நான் பி. ட்ரைவிங் லைசன்லயே இரிக்கி."

"அதுக்கு எங்க செக் பண்ணின நீங்க?"

"செக் பண்ணயா? எங்கட உம்மாக்கு ஒப்பரேசன் நேரம் பி ரத்தம்தானே ஏத்தின. உம்மாட குடிதானே எனக்கும் குடி? அப்ப ரத்தமும் அதானே. லைசன் எடுக்கக்குள்ள கேட்டாங்க, பி எண்டு சொன்னன்."

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய் வழி. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மரைக்காயர்மாரை எடுப்பதும் குடியைப் பார்த்துத்தான். அதனால் வரிசையில் நின்ற நாலைந்து பேர் மாமாவின் நியாயத்துக்குத் தலையாட்டினார்கள்.

"ரத்தம் குடி பாக்கிறல்ல ஹாஜியார்," என்று அந்தப் பெண் இன்னொரு விரலில் குத்தினாள். மறுபடியும் ஓதான் வந்தது.

மௌத்தாகி அடக்கம் செய்து பன்னிரண்டு வருடமான உம்மாவின் இரத்தத்துக்குச் சாப்பாடு போட்டு, தன் உடம்பில் ஒன்பது கிலோ குறைத்த மனிதர் இந்த மட்டக்களப்பு வாவிக்கரையில் வேறு யாரும் இருக்க முடியாது. மாமா குத்திய விரல்களைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூட வந்தேன்.

பகல் சாப்பாட்டு நேரம். மாமா மேசைக்குப் போகாமல் பாயை விரித்து உட்கார்ந்தார். மாமி வழக்கம்போல் இரண்டு பீங்கான்களில் சோறு போட்டுக் கொண்டுவந்து ஒன்றை அவர் முன்னால் வைத்தார்.

"புள்ள, நான் பி இல்லயாம். ஓவாம்."

முப்லிஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை. மாமா போனை எடுத்து ஓ வகைப் பட்டியலைத் தேடத் தொடங்கினார்.

"கொஞ்சம் இரி, ஓக்கும் ஏக்கும் சேந்து எது ஆகுமெண்டு பாக்கன்."

"கோழி ஆகாதெண்டீங்க. சரியெண்டன்," என்றார் மாமி. "தேங்காய் ஆகாதெண்டீங்க. பால் உடாமக் கறி ஆக்கின நான். என்ட கை பட்ட பீங்கானும் ஆகாதெண்டு எந்தப் பட்டியல்ல போட்டிருந்திச்சி?"

மாமா போனைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். அப்படி ஒரு வரி எந்தப் பட்டியலிலும் இல்லை. அது அவராகச் சேர்த்த வரி.

"அது நான்தான் சொன்ன," என்றார், மெதுவாக.

"எட்டு மாசம் எனக்குச் சோறு எறங்கல்ல," என்று சொல்லி மாமி அழுதுவிட்டார்.

முப்லிஹாவின் சிரிப்பு நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாம் தெரிந்தும், மாப்பிள்ளை மரியாதை என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவன் நான். மாமாவின் பட்டியலைப் பார்த்துச் சிரித்த அளவுக்கு மாமியின் பீங்கானைப் பார்க்கவில்லை.

மாமா போனை என் கையில் தந்தார். "இதுல உள்ள எல்லாத்தையும் அழிங்க மருமகன்." பிறகு தன் பீங்கானில் இருந்த சோற்றை அப்படியே மாமியின் பீங்கானில் கொட்டிவிட்டு, வெறும் பீங்கானைத் தள்ளி வைத்தார்.  மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மாமாவின் கை பீங்கானுக்குக் கிட்டே வந்ததும் அதைத் தட்டிவிட்டார்.

"கையக் கழுவினீங்களா?"

மாமா கழுவியிருக்கவில்லை. எழுந்து ஓடினார்.