மாதாவுக்கு நேர்ந்துகொண்ட நடை

ராயபுரத்தில், கோயில் மணியும் கப்பல் சங்கும் ஒரே ஜன்னலில் கேட்கும் வீட்டில் அக்கா பிறந்தார். துறைமுக வேலையிலிருந்த அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை நிறுத்திவிட்டுத் திருவொற்றியூரில் ஒரு கிடங்கில் பில் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். முதல் காரியமாகப் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினார். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில் பெண்பிள்ளை சைக்கிளா என்று அம்மா அழுதார். அக்கா மணியை அடித்துக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகளுக்குப் பின்னால் பஸ்கள் நிற்கும். பஸ்ஸுக்குள் ஜனம் தூங்கும். கடலோரக் கற்களுக்கும் லாரிச் சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் அக்கா போய்க்கொண்டிருப்பார். வீடு திரும்பும்போது புருவத்தில் கரித்தூள், கூந்தலில் உப்பு, வாய் நிறைய ஊர். எந்தச் சந்தில் குழாய் உடைந்தது, யார் வீட்டுக் குழந்தைக்கு வாந்தி, எந்தப் படகில் வஞ்சிரம் வந்தது, எல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். இன்று அதே சாலையில் கண்ணாடி ஏற்றிய காரில் போகிறேன். சாலை என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

ஆகஸ்ட் முடிவில் எங்கள் தெருவே காவி உடுத்திக்கொண்டு பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடக்கும். அக்காவும் நடப்பார். ஆனால் வாய் சும்மா இருக்காது.

“மாதாவப் பாக்க அம்மாந்தூரம் நடக்குறானுங்க. பால் பாக்கெட்டு வாங்க முக்குக் கடைக்கு பைக்குல போறானுங்க. இன்னா, மாதா முக்குல இல்லியா?”

அந்தப் பேச்சு முழுக்க மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு. தெருக்கோடி சலூனுக்கும் வண்டியை உதைத்துக் கிளப்புகிறவர் அவர். எங்கள் குடும்பத்தில் நாற்பதைத் தொட்டவர்களுக்கெல்லாம் வந்த சர்க்கரை அக்காவை மட்டும் வெகுநாள் அண்டவில்லை. ஆனாலும் அறுபதை நெருங்கும்போது பக்கவாதம் வந்தது. வலது கால் இழுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா யாரையும் கேட்காமல் நேர்ந்துகொண்டார்: இவள் மறுபடி சைக்கிள் மிதித்தால் பெசன்ட் நகருக்கு நடந்தே வருகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு விஷயம் அக்காவுக்குத் தெரிந்தது.

“எனக்கோசரம் நேந்துகினியா? வருசத்துக்கு ஒரு நாளு நடந்துட்டு மிச்ச நாளு வண்டியில சுத்துவ. அதெல்லாம் வாணாம். தெனம் எங்கூட நட.”

நேர்ச்சையை மாற்றலாமா என்று மாமா பயந்துபோய்ப் பங்குத்தந்தையிடம் ஓடினார். பாரத்தைக் குறைக்கத்தான் கூடாது, கூட்டிக்கொள்ளலாம் என்று சிரித்தபடி அவர் அனுப்பிவைத்தார்.

அப்படித்தான் தொடங்கியது அந்த நடை. அக்கா ஒரு கையால் சுவரைப் பிடித்து நடக்க, மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். மூச்சு வாங்கினால் அந்த இடத்திலேயே நாற்காலி விழும். “இன்னா மாமு, ஒத்தச் சேர வெச்சிகினு பந்தல் கான்ட்ராக்டா?” என்று டீக்கடைப் பையன்கள் கலாய்த்தார்கள். மாமா சலிக்கவில்லை. சந்து முனை, பிறகு கோயில் வாசல், பிறகு காசிமேட்டு மீன் ஏலம் நடக்கும் இடம் வரை. நாற்காலி வீட்டிலேயே தங்க ஆரம்பித்தது. மாமாவின் சர்க்கரை மாத்திரையை டாக்டர் குறைத்தார். தெருச் செய்திகளை இப்போது மாமா சொல்ல, அக்கா திருத்தினார். சைக்கிளுக்கு மாமா காற்றடித்துத் துடைத்துவைத்தார். அக்கா இருக்கையைத் தொட்டுப் பார்ப்பார். ஈஸ்டருக்கு மிதித்துக் காட்டுகிறேன் என்பார்.

ஈஸ்டர் வரும் முன்பே பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. தூக்கத்திலேயே அக்கா போய்விட்டார். இப்போதும் தெருவில் சைக்கிள் மணி கேட்டால் என் கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போகிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் மாமா செருப்பை மாட்டினார். எங்கள் சித்தப்பா தடுத்தார். அவள்தான் சைக்கிள் ஏறவில்லையே, மாதாவுக்கு நீ செய்யவேண்டியது ஒன்றுமில்லை, படு என்றார்.

“தெரியும் சித்தப்பா. ஆனா காசிமேடு வரைக்கும் வழிநெடுக அவள கேப்பாங்க. வண்டியில போனா யாராண்டயும் நின்னு பதில் சொல்ல முடியாது.”

அக்கா நடப்பதற்காகச் சந்தின் ஓரம் நிறுத்திய வண்டிகளை வேறிடத்தில் விட்ட அக்கம்பக்கத்தாருக்கும், அக்காவின் காலைப் பழக்கிக் கொடுத்த பிசியோதெரபித் தங்கச்சிக்கும், அக்கா சாலையைக் கடக்கும்வரை பிரேக்கை மிதித்து நின்ற முகம் தெரியாத லாரி ஓட்டுநர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. ஆண்டு நினைவுப் பூசைக்கு, முடிந்தவர்கள் நடந்தே வாருங்கள். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்று பேசிவிட்டு வாருங்கள். தாமதமானால் பாதகமில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்த நினைவுக் குறிப்பை மாமாவிடம் படித்துக் காட்டப் போனேன். வீட்டில் இல்லை. நடக்கப் போயிருக்கிறார்.