இடப்பக்கத்து இருக்கை

என் கணவர் லண்டனில் ஓடிய கார்கள் எல்லாம் ஒரே கொம்பனியின் கார்கள். அமெரிக்கக் கொம்பனி. பெயரை நான் எழுதாவிட்டாலும் ஊகித்துவிடுவீர்கள். உங்கள் தெருவிலும் இரண்டு மூன்று நிற்கும். முதலில் சிவப்பு. மழை பெய்தால் அதன் காலடி விரிப்பு ஊறிவிடும். தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்று கடைசிவரை அவர் கண்டுபிடிக்கவில்லை. அடுத்தது வெள்ளை. வருடக்கணக்கில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்த அன்று அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பிறகு ஒரு டீசல் கார். புகை கக்கும் வண்டிகளுக்கு நகரம் அறவிடும் கட்டணம் எங்கள் தெரு வரைக்கும் வந்தபோது அதை விற்றோம். இப்போது நிற்பது நீலம்.

இந்தப் பற்றுக்குக் காரணம் உண்டு. நாட்டை விட்டு வந்த புதிதில் அவருக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை அந்தக் கொம்பனியின் தொழிற்சாலையில்தான். கிழக்கே, ஆற்றங்கரையில். கதவு பூட்டும் பகுதியில் நின்றார். வெறும் கூடாக ஒரு கார் நகர்ந்து வரும். அதனோடு நடந்தபடியே இடப்பக்கக் கதவைப் பொருத்த வேண்டும். அதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்தக் காலத்தில் கனவிலும் கையை முறுக்கிக்கொண்டுதான் படுத்திருப்பார்.

வீட்டுக்கு யாராவது வந்தால் கொம்பனியின் சரித்திரம் தொடங்கிவிடும். அமெரிக்காவில் வயல் செய்யும் ஒரு கமக்காரனின் மகன் கொட்டிலுக்குள் வைத்து முதல் வண்டியைச் செய்தது. முன்பெல்லாம் வேலையாள் காரைச் சுற்றி நடக்க, அந்த மனிதன் வேலையாளை ஒரு இடத்தில் நிறுத்திக் காரை அவனிடம் வரவைத்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஏலாமல் ஆட்கள் விட்டுவிட்டு ஓட, அவர்களைப் பிடித்துவைக்கச் சம்பளத்தை ஒரேயடியாகக் கூட்டியது. இந்த இடத்தில் அவர் எப்போதும் ஒரு சிரிப்புச் சிரிப்பார். "அந்த ஆக்கள் ஏன் ஓடினவங்கள் எண்டு எனக்கு வடிவாத் தெரியும்" என்பார். பிறகு ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் முழுக் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அவருடைய வேலையும் போனது. கொம்பனி மேல் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றி இறக்கும் வான் ஓடப் போனார். வேலைக்கு வான், வீட்டுக்கு வந்தால் கார். இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத மனிதர்.

எதிர்வீட்டுக்காரர் ஜமைக்காவிலிருந்து வந்தவர், இளைப்பாறிய பஸ் சாரதி. அவரும் அதே கொம்பனிக் கார்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் நடைபாதையில் நின்று, யாருடையதோ ஒரு காரின் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு கதைப்பார்கள். பழுது ஒன்றும் இருக்காது. சும்மா பார்ப்பார்கள்.

கண்ணில் அழுத்தம் என்று டொக்டர் சொன்னபோது அவருடைய பக்கப் பார்வை பெருமளவு போயிருந்தது. நடுவில் நன்றாகத் தெரிந்ததால் அது போனதே அவருக்குத் தெரியவில்லை. கடுதாசிக் குழலுக்குள்ளால் பார்ப்பது மாதிரி என்று டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். இழந்தது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், இனி வாகனம் ஓடக் கூடாது. கடைசிச் சொல் வரும்வரை அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஆட்டவில்லை.

எனக்கு லைசன்ஸ் இருந்தது. எடுத்து வைத்ததோடு சரி. அவர் இருக்கும்போது நான் ஏன் ஓட வேண்டும்? இப்போது நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து கிங்ஸ்பரியில் இருக்கும் மகள் வீட்டுக்கு, நகரத்தை ஊடறுத்து நான் ஓட வேண்டியதாயிற்று. அவர் இடப்பக்கத்து இருக்கையில். அந்த இருக்கையில் அவர் அதற்கு முன் இருந்ததை நான் கண்டதில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். தொடையில் வைப்பார், கதவுப் பிடியில் வைப்பார், பெல்ட்டை இழுத்து விடுவார். நான் பிரேக் பிடிக்க முன்பே அவருடைய வலது கால் வெறும் தரையை மிதிக்கும்.

"கியரை மாத்தும். அது கத்துது, உமக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்குது."

"கேட்டுக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறீர்?"

வீட்டிலும் அப்படித்தான். முன் அறைக்கும் குசினிக்கும் இடையில் நடப்பார். யன்னலால் காரைப் பார்ப்பார். விடிய நான் எழும்ப முன்பே போய் ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தைக் கேட்டுவிட்டு நிற்பாட்டிவிட்டு வருவார். அந்தச் சத்தத்துக்குக் கண் விழிக்கும்போதெல்லாம், அது தூரப் போகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஒருக்கா உந்தக் குறுக்குத் தெருவை மட்டும் சுத்திக்கொண்டு வரட்டே? ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து."

"வேண்டாம்."

"எனக்குத் தெரிஞ்ச தெரு. கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன்."

"அதைத்தான் நீங்கள் செய்யப் போறீங்கள்" என்றேன். சொன்ன பிறகு தேத்தண்ணி வாயில் கசந்தது. அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மறுநாள் நான் எழும்பியபோது பக்கத்தில் அவர் இல்லை. கீழேயும் இல்லை. காரின் திறப்பு மாட்டும் கொளுக்கி வெறுமையாக இருந்தது. அவருடைய கைப்பேசி மேசையில் கிடந்தது. கதவைத் திறந்து பார்த்தேன். கார் நின்ற இடத்தில் கார் இல்லை.

வீட்டு உடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். எந்தப் பக்கம் போவது? குறுக்குத் தெருவைப் பார்த்தேன், பிரதான வீதிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம். பிள்ளைகள் நடைபாதை முழுக்க. எந்தப் பிள்ளை பக்கவாட்டில் ரோட்டுக்கு இறங்கினாலும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நீலக் காருக்குள்ளும் குனிந்து பார்த்தேன். எங்கேயோ அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. லண்டனில் எந்நேரமும் எங்கேயோ அது கேட்கும். அன்று அது எனக்காகவே கத்தியது போல இருந்தது.

மகளுக்குப் போன் அடித்தேன். அவள் பாதித் தமிழும் பாதி இங்கிலீசுமாக, "அம்மா, போலீசுக்குச் சொல்லுங்கோ, ப்ளீஸ். இப்பவே" என்றாள்.

"சொன்னால் அவரைப் பிடிப்பாங்கள்."

"சொல்லாட்டி?"

போனை வைத்துவிட்டேன். பஸ் தரிப்பில் இருந்தேன், எழும்பினேன், இருந்தேன். போலீஸ் இலக்கத்தை அழுத்துவதும் அழிப்பதுமாக இருந்தேன். கடைசியில் அழைப்பது என்று முடிவுசெய்து தலையை நிமிர்த்தியபோது, வீதிக்கு அந்தப் பக்கம் அவர் நடந்து வந்தார். வீட்டுச் செருப்பு. வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடித்திருந்தார். கைக்குள் கார்த் திறப்பு. சில அடி நடப்பார், நிற்பார், திறப்பை அழுத்துவார், காதைச் சாய்த்துக் கேட்பார், பிறகு நடப்பார்.

ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். திடுக்கிட்டார், பக்கத்தால் வந்த என்னை அவர் காணவில்லை.

"காரைக் கள்ளர் கொண்டு போட்டாங்கள்" என்றார். "விடியப் பெரிய லொறி ஒண்டின்ரை சத்தம் கேட்டது. எழும்பி வந்து பாத்தால் இல்லை. எங்கையும் கிட்டடியிலை விட்டிட்டுப் போயிருப்பாங்கள் எண்டு பாக்கிறன். அழுத்தினால் கத்தும்தானே."

"நீங்கள் கொண்டு போகேல்லையே?"

அவர் என் முகத்தைத் தேடிப் பிடித்து அந்தச் சின்ன வட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார். "நான் ஓடிக்கொண்டு போட்டன் எண்டு நினைச்சீரோ?"

"ஓம்."

கோபிப்பார் என்று நினைத்தேன். திறப்பை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "நேற்று நான் கேட்ட கேள்விக்கு வேற என்னத்தை நினைக்கிறது" என்றார். "சரி, வாரும். கால் குளிருது."

வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரர் நின்றார். தன் காரும் இல்லை என்றார். ஆனால் அவர் பதறவில்லை. தண்ணீர்க் குழாய் வேலைக்காகத் தெருவின் ஒரு பக்கத்தைக் கவுன்சில் மூடியிருக்கிறதாம். விளக்குக் கம்பத்தில் அறிவித்தல் கட்டியிருந்ததாம். எடுக்காத கார்களை லொறியில் தூக்கிப் பக்கத்துத் தெருக்களில் இறக்கியிருக்கிறார்களாம். அந்தப் பக்கம் முழுக்கக் கார்கள் இல்லாததை அப்போதுதான் கண்டேன். கம்பத்தில் மஞ்சள் அட்டை தொங்கியது. நான் எத்தனையோ தரம் அதைக் கடந்து போயிருக்கிறேன்.

அவருக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். நான் பார்க்க, அவர் அழுத்த. ஒரு தெரு முடிந்தது. அடுத்ததில் எதிர்வீட்டுக்காரரின் கார் நின்றது, எங்களுடையது இல்லை. அதற்கடுத்த தெருவில் குப்பை லொறி இரைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் நின்றுவிட்டார்.

"உதிலை நிக்குது. இன்னொருக்கா அழுத்துறன், கேளும்."

ஒரு வெள்ளை வானுக்குப் பின்னால் எங்கள் காரின் விளக்குகள் மினுங்கி அணைந்தன. கொஞ்சம் சரிவாக, ஒரு சில்லு நடைபாதையைத் தொட இறக்கியிருந்தார்கள். அவர் உள்ளங்கையால் தடவிக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். வலப்பக்கக் கதவடியில் வந்து நின்றார். பழக்கத்தில் கை பிடிக்குப் போனது. பிடித்தபடியே நின்றார். பிறகு திறப்பை என்னிடம் தந்துவிட்டு, முன்பக்கத்தால் சுற்றிப் போய் மற்றப் பக்கம் ஏறினார்.

மகளுக்கு அடித்துச் சொன்னேன். அவள் அழுதாள், அவரோடு கதைக்க வேண்டும் என்றாள். "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று மட்டும் அவர் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பினால் நிறுத்த இடமில்லை, தெரு தோண்டிக் கிடக்கும். வீட்டுக்குள் போய் இருக்கவும் எனக்கு மனம் வரவில்லை. உடம்பெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போல இருந்தது. "எங்கையாவது போவமே?" என்று கேட்டேன்.

"ஆத்தங்கரைக்கு விடும்" என்றார்.

ஆற்றுக்கு அடியால் போகும் சுரங்கத்துக்குள் நான் அதற்கு முன் ஓடியதில்லை. பக்கத்தில் லொறிகள் உரசுவது போல வந்தன. அவர் என் மூச்சையும் காரின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு, "நேர, நேர, அவனைப் பாக்காதையும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்று அது எனக்கு உதவியாக இருந்தது.

தொழிற்சாலைப் பக்கம் போனபோது எனக்கே இடம் பிடிபடவில்லை. நெடுக வேலி. உள்ளே சில பெரிய கட்டடங்கள் இன்னும் இருந்தன. மற்றப் பக்கம் புதுக் குடியிருப்புகள். ஓரமாக நிறுத்தினேன். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"நாங்கள் கதவு பூட்டின இடம் அந்தா, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்திலை. என்ன தெரியுது?"

"தாங்கி இல்லை. ஃபிளாட். பல்கனியிலை ஒரு பொம்பிளை உடுப்புக் காயப்போடுறா."

"எந்த நாட்டு ஆள்?"

"அவ்வளவு தூரத்திலை எப்பிடிச் சொல்லுறது? சின்னப் பிள்ளையின்ரை உடுப்பு நிறைய இருக்கு."

அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "நாங்கள் நிண்ட அந்த இரைச்சலுக்குள்ளை இப்ப ஒரு பிள்ளை நித்திரை கொள்ளுது" என்றார். இன்னும் என்னென்னவோ கேட்டார். புல்லு வளர்ந்திருக்கா, வேலியின் நிறம் என்ன, ஷிப்ட் முடிந்து தேத்தண்ணி குடிக்கும் கடை நிற்கிறதா. அதுவரை கேட்டறியாத கதைகள் சில சொன்னார். கதவில் கை நசிபட்ட சிநேகிதன் ஒருவனின் கதை. முதல் நாள், தான் பூட்டிய கதவோடு போன காரை, அது மறையும் வரை திரும்பிப் பார்த்து மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கிய கதை. நான் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, அவர் அதற்குள் தன் ஆட்களை நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்குப் பிறகு தெருவைச் சுற்றக் கேட்டதில்லை. ஆனால் ஆறிப்போனார் என்று சொல்லமாட்டேன். விடியக் காரை ஸ்டார்ட் பண்ணுவதை விட்டுவிட்டு இப்போது நடக்கப் போகிறார். கவுன்சில் கொடுத்த வெள்ளைத் தடியை முதலில் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார், இப்போது கொண்டுபோகிறார். கண் டொக்டர் போன தரம் மேற்கொண்டு குறையவில்லை என்றார். சொட்டு மருந்தை நான் விடுகிறேன், அவர் இமைக்காமல் இருக்கப் பாடுபடுகிறார்.

இருந்த இடத்தில் இருக்க ஏலாமல் போனது இப்போது எனக்கு. மகள் வீட்டுக்கு ரயிலில் போகலாம் என்றால் வேண்டாம் என்கிறேன். பக்கத்தில், மோர்டனில் வாங்கக்கூடிய கறிவேப்பிலையைக் கிங்ஸ்பரியில் வாங்கப் போகிறேன். போன கிழமை எதிர்வீட்டுக்காரர் அதே கொம்பனியின் மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். என் கணவர் அதன் மூடியைத் திறக்கச் சொல்லிப் போய் நின்று, உள்ளே கையை விட்டுத் தடவிவிட்டு, "இதுக்குள்ளை கேக்கிறதுக்கு ஒண்டுமில்லையே" என்றார். எதிர்வீட்டுக்காரர் என்னை ஒரு சுற்று ஓடிப் பார்க்கச் சொன்னார். கையில் இருந்த அகப்பையை மதிலில் வைத்துவிட்டு ஏறினேன். கதவைச் சாத்த முன்பே இடப்பக்கக் கதவு திறந்தது. அவர் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"சும்மா நிக்காமல் எடும்" என்றார்.