ஆடி முடியும்வரை பூட்டச் சொன்ன அறை

பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்து மணிக்கே போய் உட்காரும் ஒரே ஆள் நான்தான். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பார்ட்டி ரூமில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிர்வாக சபை கூடும். முதல் நாள் அங்கே யாருடையதோ பிறந்தநாள் நடந்திருக்கும். சுவரில் பலூன் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் கதிரைகளை அடுக்கி, கூட்ட அறிக்கைக் கொப்பியைத் திறந்து வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். பதினொன்றுக்குப் பிறகு ஒவ்வொருவராக வருவார்கள், கலியாண வீட்டுக்கு வருவதுபோல. எனக்குப் பொறுமை கிடையாது. செயலாளர் பதவியை என் தலையில் கட்டியவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

நாங்கள் ஏழு பேர். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. சாம்பியாவில் ஒரு கிராமத்துச் சிகிச்சை நிலையத்தை ரொறன்ரோவில் இருந்துகொண்டு நடத்தினோம். யாழ்ப்பாணத்தாருக்கும் சாம்பியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் தலைவர் கனடாவுக்கு வருமுன் பத்து வருடம் அந்தக் கிராமத்தில் டொக்டராக இருந்தவர். இங்கே அவருடைய பட்டம் செல்லவில்லை. கிழமை நாட்களில் மார்க்கம் என்ற பக்கத்து நகரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரத்த மாதிரிகளுக்கு லேபல் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மறுபடியும் டொக்டர். "டொக்டர் அண்ணை" என்று நாங்கள் கூப்பிடும்போது அவருடைய முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த முதுகுக்காகவே அவரை ஒருவரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அங்கே நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் அந்த ஊர்த் தாதி. நிலையம் என்பது ஒரே ஒரு அறை. இருமலோடு வருபவர்கள் ஒரு பக்கம், சீலைத் திரைக்கு அந்தப் பக்கம் பிரசவம். தனியாக ஒரு பிரசவ அறை கட்டிக்கொடுக்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒரு ஜூலை மாதம் தாதியிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. அறை முடிந்துவிட்டது, கட்டிலும் விளக்கும் போட்டாயிற்று, திறக்கலாமா? ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பிரசவத்தில் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் மாதம் நிறைகிறது, அவளைப் புது அறையில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

நான் வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் மட்டும் தன் சட்டைப்பையிலிருந்து சின்னக் கலண்டரை எடுத்துப் பார்த்தார்.

"இப்ப ஆடியெல்லே. ஆடியிலை ஆரும் குடிபூருறவையே? ஆவணி பிறக்கட்டும். நானும் லீவு எடுத்துக்கொண்டு போறன். பால் காய்ச்சி முறையாத் திறப்பம்."

"அப்ப அந்தப் பிள்ளைத்தாச்சி, அண்ணை?" என்றேன்.

"பழைய அறை இருக்குத்தானே, பிள்ளை. இவ்வளவு நாளும் எல்லாரும் அதுக்கைதானே பெத்தவை."

தமிழ்நாட்டுக்காரரான பொருளாளர் தொண்டையைச் செருமினார். "சார், ஆடி நமக்குத்தானே? அவங்களுக்கு ஏது ஆடி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அடங்கிவிட்டார். அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதையும் பகிடியாக்கிவிட்டோம். வாக்கெடுத்தபோது ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாம் உயர்ந்தன. என்னுடையதும்தான். ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன். எங்கள் தலைவர் வரும்வரை அறையைப் பூட்டிவைக்கவும் என்று ஃபேக்ஸ் எழுதியதும் இந்தக் கைதான்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பெண்ணின் நாட்களை எண்ணினேன். இரண்டு தரம் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். சோறு அடிப்பிடித்தது. கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் இப்பிடி அந்தரப்படுறீர்? எல்லாரும் சேர்ந்துதானே முடிவெடுத்தனீங்கள்?" என்றார்.

"ஓம், நானும் சேர்ந்துதான் எடுத்தனான். அதுதான் விசராக்கிடக்கு!"

தலைவருக்குப் போன் எடுத்தேன். ரிபன் சிவப்பா மஞ்சளா என்று என்னிடம் கேட்டார். திறக்கச் சொல்லிவிடுவோமே என்று கெஞ்சினேன். "சபை எடுத்த முடிவை நானோ நீரோ தனிய மாத்தேலாது, பிள்ளை" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. போனை வைத்துவிட்டு அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

மூன்றாம் வாரம் நான் ஒருவரையும் கேட்கவில்லை. வீடியோக் கசெற் வாடகைக்குக் கொடுக்கும் தமிழ்க் கடையில்தான் எங்களுக்கு ஃபேக்ஸ் வசதி. அங்கே போய், "உடனே திறந்துவிடுங்கள், விழா பிறகு நடக்கட்டும்" என்று எழுதி, செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கள்ளக் கையெழுத்துப் போட்டவள்போலக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன். தாதி கிழமைக்கு ஒரு தரம் மருந்து எடுக்க லொறியில் பட்டணம் போகும்போதுதான் ஃபேக்ஸ் அவர் கைக்குக் கிடைக்கும். அது தெரிந்தும் மறுநாளே கடையில் போய் நின்றேன். அதற்கு மறுநாளும் போனேன்.

"அக்கா, ஒண்டும் வரேல்லை. வந்தா நானே கோல் பண்ணுறன்" என்றார் கடைக்காரர். கும்பிடாத குறை.

ஆறாம் நாள் பதில் வந்தது. கடை வாசலிலேயே நின்று வாசித்தேன்.

"செயலாளர் அவர்களுக்கு, நாங்கள் அந்த அறையைப் பூட்டவே இல்லை. நான் சொன்ன பெண்ணுக்குப் பத்து நாளைக்கு முன் மகள் பிறந்தாள். கால் முன்னே வந்தது. பழைய அறையாக இருந்திருந்தால் என்னால் முடிந்திருக்காது. டொக்டர் வருவதற்கு முதல் நாள் வெள்ளையடித்துப் பூட்டிவைப்போம். அவரிடம் சொல்ல வேண்டாம். என் தாயைக் காப்பாற்றியவர், அவர் மனம் நோகக்கூடாது. விழாவன்று அந்தத் தாயையும் பிள்ளையையும் என் பக்கத்தில் நிறுத்துகிறேன், படத்தில் பாருங்கள்."

கடைக்கு முன்னால் கார்கள் நிறுத்தும் இடத்தில், சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோசம்தான். ஆனால் வெட்கமும் பிடுங்கித் தின்றது. நான் எழுதிய அந்தக் கட்டளையை மதித்து மூன்று வாரம் தவித்தது இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

ஆவணியில் தலைவர் போய்வந்தார். செப்டம்பர் கூட்டத்தில் படங்கள் கைமாறின. புது அறையில் பால் பொங்குகிறது, தலைவர் ரிபன் வெட்டுகிறார். "எங்களுக்காண்டி அவ்வளவு நாளும் பொறுமையாக் காத்திருந்திருக்கினம், பாருங்கோ" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. காத்திருந்ததற்காகத் தாதிக்கு நன்றி சொல்லிப் பொருளாளர் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். நான் வழிமொழிந்தேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

கடைசிப் படத்தைத் தலைவர் என் பக்கம் நீட்டினார். தாதிக்குப் பக்கத்தில் ஒரு பெண், அவள் கையில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு குழந்தை.

"உது ஆற்றை பிள்ளையோ தெரியாது. நான் பேசி முடிக்குமட்டும் ஒரே அழுகை" என்றார்.

அந்தத் தாதியும் என்னைப்போலச் சொல்கேட்கிறவராக இருந்திருந்தால், தலைவரின் பேச்சை எல்லோரும் அமைதியாகக் கேட்டிருப்பார்கள்.